ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல சீரியல் லிங்க் நிக்க மாட்டேங்குது, லைன் புரோட்டோகால் டவுன்

காட்பாடி_லேப்:
அண்ணா எல்லாருக்கும் வணக்கம். காட்பாடில வீட்டு மாடி ரூம்ல பிராக்டிஸ் பண்ண சிஸ்கோ 2811 ரவுட்டர் ரெண்டு வெச்சிருக்கேன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பழசா வாங்குனது, ரெண்டுலயும் விக்-2டி சீரியல் கார்டு, நடுவுல ஒரு முனை டிடிஇ (க்ளாக் வாங்கற பக்கம்) இன்னொரு முனை டிசிஇ (க்ளாக் குடுக்கற பக்கம்)னு லேபிள் ஒட்டுன நீல கேபிள். ஐபி 10.1.1.1, 10.1.1.2, ஸ்லாஷ் 30. நோ ஷட் (போர்ட்டை ஆன் பண்ற கமாண்ட்) குடுத்தாச்சு. ஏ ரவுட்டர்ல எப்ப பாத்தாலும் சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன். பி ரவுட்டர்ல ரெண்டும் அப்னு காட்டுது, சரி வந்துடுச்சுன்னு பிங் போட்டா ஒண்ணும் போகல, அரை நிமிஷத்துல அங்கயும் லைன் புரோட்டோகால் விழுந்துடுது. ஷட், நோ ஷட் குடுத்தா திரும்ப அதே கதை. கேபிள் போயிடுச்சா? வேலூர்ல கேட்ட கடைல எல்லாம் இந்த கேபிள் இன்னான்னே தெரியல, மாத்தணும்னா திரும்ப மெட்ராஸ்தான் போகணும்.

பாலாறு_பாக்கெட்:
டிசிஇ பக்கம் க்ளாக் ரேட் 64000 குடுத்துப் பாருங்க ப்ரோ, பாதி கேஸ் அதுதான். அப்புறம் 2020ல வந்த சிசிஎன்ஏ (சிஸ்கோ பரீட்சை) சிலபஸ்ல பிபிபி, எச்டிஎல்சின்னு சீரியல் லிங்க்ல பேசற புரோட்டோகால் எல்லாம் எடுத்துட்டாங்க, இதுக்கு இவ்ளோ நேரம் செலவு பண்ணணுமா?

காட்பாடி_லேப்:
க்ளாக் ரேட் ஏற்கனவே இருக்கு ப்ரோ, மாத்தியும் பாத்தேன், அப்படியேதான் இருக்கு. பரீட்சைக்காக மட்டும் இல்ல, லேயர் 1 (கேபிள், சிக்னல்) எங்க முடியுது லேயர் 2 (புரோட்டோகால்) எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணால பாக்கணும்னுதான் இதை வாங்குனேன்.

ராணிப்பேட்டை_லீஸ்லைன்:
தம்பி கேபிளை கழட்டாதீங்க, கேபிள் நல்லா இருக்குது. சீரியலே டவுன்னு வந்தாதான் கேபிள், கார்டு, இல்ல எதிர்ப்பக்கம் ஷட்ல இருக்குதான்னு பாக்கணும். சீரியல் அப், லைன் புரோட்டோகால் மட்டும் டவுன்னா கரண்ட் போகுது, பேச்சு புரியலன்னு வெச்சுக்கோங்க. எங்க பக்கம் தோல் பேக்டரிலேர்ந்து சென்னை ஆபீசுக்கு 64 கேபி லீஸ்டு லைன் ஓடுன காலத்துல நாள் முழுக்க இதேதான் வேலை. அங்க க்ளாக்கை மோடம் குடுக்கும், ரெண்டு ரவுட்டருமே டிடிஇயா இருக்கும், க்ளாக் ரேட் கமாண்டுக்கே வேலை இல்ல. உங்க மாதிரி நேரா கேபிள் போட்டாதான் ஒருத்தன் டிசிஇயா இருந்து க்ளாக் குடுக்கணும்.

அதை லேபிளை நம்பி முடிவு பண்ணாதீங்க, லேபிளை எவனாவது மாத்தி ஒட்டியிருப்பான். ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல் 0/0/0 போடுங்க, மேல நாலஞ்சு வரிக்குள்ள டிசிஇ வி.35, க்ளாக் ரேட் இவ்ளோன்னு இருக்கும், எதிர்ப்பக்கம் டிடிஇ, க்ளாக் டிடெக்டட்னு வரணும். அது சரியா இருந்தா பிசிக்கல் முடிஞ்சுது, இனிமே அதைத் தொடவே வேணாம்.

அடுத்து ரெண்டு பக்கமும் ஷோ இன்டர்ஃபேஸ் சீரியல் 0/0/0 போட்டு என்கேப்சுலேஷன் வரியை (எந்த புரோட்டோகால் ஓடுதுன்னு அதுல இருக்கும்) மட்டும் படிங்க. ஷோ ரன்ல தேடாதீங்க, எச்டிஎல்சி டீஃபால்ட்ங்கறதால அது ஷோ ரன்ல வரவே வராது, ரெண்டு கான்ஃபிகையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து ஏமாந்து போறவங்க நிறைய பேரு. எனக்கென்னவோ பழசு வாங்குன ரவுட்டர்ல முன்னாடி இருந்தவன் போட்ட பிபிபி அப்படியே இருக்குதுன்னு தோணுது. எச்டிஎல்சில கீப்அலைவ் (உயிரோட இருக்கேன்னு சொல்ற மெசேஜ்) 10 செகண்டுக்கு ஒண்ணு, மூணு வரலன்னா லைன் விழுந்துடும், உங்க அரை நிமிஷம் அதுதான். பி ரவுட்டர்ல டீபக் சீரியல் இன்டர்ஃபேஸ் போட்டா மைசீக் (நாம அனுப்பற நம்பர்) ஏறிட்டே போகும், மைன்சீன் (அதுல எதிர்ப்பக்கம் பாத்ததா சொன்ன நம்பர்) நின்ன இடத்துலயே நிக்கும், நீங்க கேட்ட கண்ணால பாக்கறது இதுதான்.

காட்பாடி_லேப்:
அண்ணா அப்படியே இருக்கு! ஏ ரவுட்டர்ல என்கேப்சுலேஷன் பிபிபி, கீழயே பிபிபி ஆதென்டிகேஷன் சாப் (பாஸ்வேர்ட் சரிபாக்கற முறை), பி ரவுட்டர் எச்டிஎல்சி. மைன்சீன் 0ல உக்காந்திருக்குது. பிலயும் பிபிபி, சாப் ரெண்டும் போட்டேன், ரெண்டு பக்கமும் யூசர்நேம் போட்டு ஒரே சீக்ரெட் குடுத்தேன், ஆனா இன்னும் டவுன்தான். டீபக் பிபிபி ஆதென்டிகேஷன்ல சாப் ஃபெயிலியர்னு ஓடுது.

ராணிப்பேட்டை_லீஸ்லைன்:
சீக்ரெட்னா யூசர்நேம் வரில சீக்ரெட்ங்கற கமாண்டா? அதை எடுத்துட்டு பாஸ்வேர்ட்னு போடுங்க. சாப்ல பாஸ்வேர்டை லைன்ல அனுப்ப மாட்டாங்க, எதிர்ப்பக்கம் அனுப்பற சேலஞ்சோட (ஒரு ரேண்டம் நம்பர்) பாஸ்வேர்டை சேத்து ஹாஷ் போட்டு அந்த ஹாஷைதான் திருப்பி அனுப்பும், அதுக்கு ரவுட்டர் கைல ஒரிஜினல் பாஸ்வேர்ட் இருக்கணும். சீக்ரெட்ல போட்டா அது எம்டி5 ஹாஷ் ஆயிடும், அதுலேர்ந்து ஒரிஜினலை எடுக்க முடியாது. யூசர்நேம் எதிர் ரவுட்டரோட ஹோஸ்ட்நேமா இருக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட அச்சு அசலா. பாஸ்வேர்ட் ரெண்டு பக்கமும் ஒண்ணே.

காட்பாடி_லேப்:
வந்துடுச்சுண்ணா!! எல்சிபி ஓபன், ஐபிசிபி ஓபன் (பிபிபியோட ரெண்டு கட்டமும் முடிஞ்சுது), பிங் அஞ்சுக்கு அஞ்சு. ஒரே ஒரு டவுட், ஷோ ஐபி ரூட்ல 10.1.1.2 ஸ்லாஷ் 32ன்னு ஒரு ரூட் தானா வந்திருக்கு, நான் போடவே இல்ல.

ராணிப்பேட்டை_லீஸ்லைன்:
அது எதிர் முனைக்கு பிபிபி தானா போடற நெய்பர் ரூட், இருக்கட்டும். ஆனா ஒண்ணு, அது இருக்கறதால ரெண்டு பக்கமும் வேற வேற சப்நெட்ல ஐபி போட்டாகூட பிங் போயிடும், நாளைக்கு ஈஐஜிஆர்பி (ரூட்டிங் புரோட்டோகால்) போடும்போது நெய்பர் வரலன்னா முதல்ல மாஸ்க்கைப் பாருங்க, பிங் போகுதேன்னு விட்டுடாதீங்க.

டீபக்கை ஆஃப் பண்ண அன்டீபக் ஆல். ரெண்டு ரவுட்டர்லயும் ரைட் மெமரி இப்பவே போட்டுடுங்க, கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது.