பிஎச்பி தளம், டிஸ்கோர்ஸ் மன்றம்: ஒரே லாகின் வைப்பது எப்படி?

புதுவலை:
வணக்கம். முதன்மைத் தளம் பிஎச்பியில் எழுதியது. மன்றம் டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளில், துணை டொமைனில் ஓடுகிறது. தளத்தில் லாகின் செய்தவர் மன்றத்தில் மறுபடி பாஸ்வேர்டு போடக் கூடாது. குக்கியை மேல் டொமைனுக்கு மாற்றினால் டிஸ்கோர்ஸ் கண்டுகொள்வதில்லை. அதன் ஒரே லாகின் வசதியான டிஸ்கோர்ஸ் கனெக்டை இயக்கினால் கையொப்பம் பொருந்தவில்லை என்கிறது. கோளாறு எங்கே?

கணிக்கரை:
குக்கி வழியை விட்டுவிடுங்கள். அது துணை டொமைனுக்குப் போய்ச் சேர்ந்தாலும், உள்ளே இருக்கும், லாகினை அடையாளம் காட்டும் செஷன் எண் உங்கள் பிஎச்பிக்கு மட்டுமே புரியும்.

கனெக்ட் வழியில், லாகின் அழுத்தியவரை டிஸ்கோர்ஸ் உங்கள் தளத்துக்கு அனுப்பும். கூடவே இரண்டு மதிப்புகள் வரும். ஒன்று பேஸ்64 சரம் (தரவை எளிய எழுத்துகளாக மாற்றிய வடிவம்): அதற்குள் நான்ஸும் (ஒருமுறை மட்டும் பயன்படும் சீரற்ற சரம்) திரும்ப வேண்டிய முகவரியும். மற்றது, அந்தச் சரத்துக்கு, உங்களுக்கும் டிஸ்கோர்ஸுக்கும் பொதுவான ரகசியச் சாவியால் போட்ட எச்மேக் ஷா256 கையொப்பம். சரிபார்த்து, லாகின் முடிந்ததும் அதே நான்ஸ், மின்னஞ்சல், எக்ஸ்டர்னல் ஐடி (உங்கள் தளத்தில் அந்தப் பயனரின் அடையாளம்) மூன்றையும் பேஸ்64 ஆக்கி, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்: பேஸ்64 சரம் வந்தபடியே இருக்க, அதன் மீதுதான் கையொப்பம் கணக்கிட வேண்டும். பிரித்தெடுத்த உள்ளடக்கத்தின் மீது போட்டால் பொருந்தாது. கையொப்பம் ஹெக்ஸ் (பதினாறடிமான) வடிவில் இருக்க வேண்டும். பிஎச்பியின் எச்மேக் ஃபங்ஷனில் நான்காவது இடத்தில் ட்ரூ கொடுத்திருந்தால் பைனரிதான் வரும். சாவியை ஒட்டும்போது கடைசியில் இடைவெளி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

திருப்பி அனுப்பும் மதிப்புகளைக் கையால் ஒட்டாமல் பிஎச்பியின் எச்டிடிபி பில்ட் க்வெரி ஃபங்ஷன் மூலம் கட்டுங்கள். இல்லாவிட்டால் '+' உள்ள மின்னஞ்சல் முகவரியில் அந்தக் குறி வெற்றிடமாகிவிடும்.

பூட்டுச்சாவி:
இதைவிட முக்கியமான ஒன்று. அனுப்பிய எக்ஸ்டர்னல் ஐடிக்குக் கணக்கு கிடைக்காதபோது டிஸ்கோர்ஸ் மின்னஞ்சலை வைத்துப் பழைய கணக்கோடு இணைத்துவிடும். உங்கள் தளம் மின்னஞ்சலைச் சரிபார்க்காமல் விட்டால், நிர்வாகியின் முகவரியைக் கொடுத்துப் பதிகிற எவரும் நிர்வாகியாக உள்ளே வந்துவிடலாம். சரிபார்க்காத கணக்குகளுக்கு ரிக்கொயர் ஆக்டிவேஷன் (மின்னஞ்சலை உறுதிசெய்யக் கேட்பது) மதிப்பை ட்ரூ என்று கட்டாயம் அனுப்புங்கள்.

எக்ஸ்டர்னல் ஐடியாகப் பயனர் அட்டவணையின் எண்ணையே கொடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், அது மாறக்கூடியது.

புதுவலை:
நன்றி, பிரித்த சரத்துக்குத்தான் கையொப்பம் போட்டிருந்தேன். இப்போது உள்ளே போகிறது. தளத்தில் லாக்அவுட் செய்தாலும் மன்றத்தில் லாகின் அப்படியே நிற்கிறதே?

கணிக்கரை:
அது தானாக நடக்காது. தளத்தின் லாக்அவுட் நிரலிலிருந்து டிஸ்கோர்ஸ் ஏபிஐயை (நிரல் வழியாகக் கட்டளை அனுப்பும் வசதி) அழைத்து, அந்தப் பயனரை வெளியேற்றச் சொல்ல வேண்டும். மன்றத்தில் வெளியேறுகிறவரைத் தளத்தின் லாக்அவுட் பக்கத்துக்கு அனுப்ப 'லாக்அவுட் ரீடைரக்ட்' அமைப்பு இருக்கிறது. உங்கள் தளம் முடங்கினால் மன்ற முகவரியோடு /u/admin-login என்பதைச் சேர்த்துத் திறங்கள்; நிர்வாகிக்கு மின்னஞ்சலில் லாகின் இணைப்பு வரும்.