பத்தாவது ஆள் யார்? குடும்பக் கம்பெனி டைரக்டரும் பேறுகாலச் சம்பளமும்

கல்லிடை மருமகள்:
நேற்று ஜங்ஷன் அண்ணாச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "குடும்பக் கம்பெனியில் டைரக்டர் என்றால் முதலாளி, முதலாளிக்கு ஏது பேறுகாலச் சம்பளம்" என்று கேட்டிருந்தார். அண்ணாச்சி, நான் எங்கள் அப்பளக் கம்பெனியில் டைரக்டர். போர்டு தீர்மானம் போட்டு மாசம் 25,000 பேங்கில் ஏறுகிறது. காலையில் உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் சேர்க்கிறதிலிருந்து ராத்திரி பில் போடுகிற வரைக்கும் நான்தான் நிற்கிறேன், எட்டாம் மாசம் வரை நின்றேன். 1961ஆம் வருடப் பேறுகாலச் சட்டம் கேட்டது, பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்தில் 80 நாள் வேலை. நான் 200 நாளுக்கு மேல் பார்த்திருக்கிறேன். 2017 திருத்தம் கொண்டுவந்த 26 வாரம் முதல் பிள்ளைக்கு எனக்கு உண்டு.

ஜங்ஷன் அண்ணாச்சி:
80 நாளை நான் கேட்கவே இல்லை. கடை, நிறுவனம் என்றால் பத்துப் பேர் வேலையில் இருக்க வேண்டும். உங்களிடம் ஒன்பது பேர் என்று போன மாசம் நீங்களே இங்கே எழுதினீர்கள். பத்தாவது ஆள் யார்?

கல்லிடை மருமகள்:
நான்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
நல்ல கணக்கு! இருபது வருஷம் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன், முதலாளியம்மா தன்னையே ஆள்கணக்கில் எழுதி இப்போதுதான் பார்க்கிறேன்.

கல்லிடை மருமகள்:
பார்க்கவில்லை என்றால் படியுங்கள். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தில் முழுநேர டைரக்டர் என்றாலே கம்பெனியின் முழுநேர வேலையில் இருக்கிறவரும் சேர்த்திதான். ஏபெக்ஸ் இன்ஜினியரிங் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம், சம்பளம் வாங்கும் மேனேஜிங் டைரக்டரே ஊழியர் என்று சொல்லியிருக்கிறது. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டு என்று நீங்கள் அடித்துப் பேசினீர்களே, கிடையாது என்று ஆனதும் ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லையே, அதையும் நான் மறக்கவில்லை.

ஜங்ஷன் அண்ணாச்சி:
ஜி.எஸ்.டி.யை எதற்கு இழுக்கிறீர்கள்? அந்தத் தீர்ப்பு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்துக்கு. 21,000க்கு மேல் சம்பளம் என்பதால் நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள்ளேயே வரமாட்டீர்கள். கூட்டு வியாபாரத்துப் பங்குதாரர் (பார்ட்னர்) ஊழியர் ஆகமாட்டார் என்று சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான். சரி, பத்தாவது ஆள்?

கல்லிடை மருமகள்:
பங்குதாரரும் டைரக்டரும் ஒன்றா? பிரைவேட் லிமிடெட் தனி ஆள், அது எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் கேளுங்கள். முந்தின 12 மாசத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் இருந்தாலே போதும். தை முகூர்த்தத்துக்கு மூன்று பெண்களைக் கூடுதலாக வைத்தோம். என்னை விட்டுவிட்டு எண்ணினாலும் பன்னிரண்டு.

முக்கூடல்காரன்:
அக்கா, அந்த மூன்று பெண்களும் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து தேய்த்தார்களா, மாவை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார்களா?

கல்லிடை மருமகள்:
வீட்டுக்குத்தான். அதனால் என்ன தம்பி?

ஜங்ஷன் அண்ணாச்சி:
முடிந்தது. மாவு வாங்கிப் போகிறவள் ஆள்கணக்கில் வரமாட்டாள்.

முக்கூடல்காரன்:
ஏன் வரமாட்டாள் அண்ணாச்சி? எங்கள் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றினவள். 1966ஆம் வருடப் பீடிச் சட்டம் வீட்டில் சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றுதான் சொன்னது, அம்மாவிடம் பி.எஃப். இருந்தது. பீடிக்கு ஒரு நியாயம், அப்பளத்துக்கு ஒரு நியாயமா? அக்காவிடமும் கேட்கிறேன், உங்கள் கணக்குக்கு அந்த மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருத்தி உண்டானால் 26 வாரம் கொடுப்பீர்களா, இல்லை, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அரசாங்கம் கொடுக்கிற 18,000 போதும் என்பீர்களா?

பேட்டை வியாபாரி:
வீட்டுக்கு வீடு மாவு கொடுத்துத் தேய்த்தால் அதற்குக் கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று எப்படிப் பேர் போடுகிறீர்கள்? போன தடவை வாங்கிய அப்பளக் கட்டில் பாதி பொரியவே இல்லை.

கல்லிடை மருமகள்:
பொரியாத அப்பளம் எங்கள் வீட்டிலிருந்து போகாது. தாமிரபரணித் தண்ணீரில் பிசைந்த மாவு அது. நீங்கள் எண்ணெய் காயும் முன்னாலேயே போட்டிருப்பீர்கள்.

பேட்டை வியாபாரி:
எனக்கு எண்ணெய் காய்ச்சத் தெரியாது என்கிறீர்களா? முப்பது வருஷமாகச் செக்கு வைத்திருக்கிறேன்.

முக்கூடல்காரன்:
அக்கா, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கல்லிடை மருமகள்:
தம்பி, முதலில் என் கணக்கு தீரட்டும். என் கொழுந்தனாரும் டைரக்டர்தான். பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து மூன்று மாசம் கட்டிலில் கிடந்தார். மாசாமாசம் ஒன்றாம் தேதி அவர் சம்பளம் ஏறியது. அதே ஒன்பது பேர்தான், அதே பதிவேடுதான், பத்தாவது ஆளை அன்றைக்கு யாரும் தேடவில்லை. எனக்குப் பிள்ளை பிறந்து இன்றைக்கு நாற்பது நாள். "வீட்டுப் பணத்துக்குப் பேர் வைத்து வாங்கணுமா" என்று அத்தை கேட்கிறார்கள், நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். அவர் காலுக்கு எந்தச் சட்டம் அண்ணாச்சி?

ஜங்ஷன் அண்ணாச்சி:
அது உங்கள் போர்டு இஷ்டப்பட்டுக் கொடுத்தது. உங்களுக்கும் இஷ்டப்பட்டால் கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. உரிமை என்று பேசினால் எனக்குப் பத்து வேண்டும்.

கல்லிடை மருமகள்:
இஷ்டமாம்! இரண்டாயிரத்து இருபதில் போட்டு, 2025 நவம்பரில் அந்தப் பழைய பேறுகாலச் சட்டத்துக்குப் பதிலாக அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 26 வாரம்தான் எழுதியிருக்கிறது, யாருடைய இஷ்டத்தையும் அது கேட்கவில்லை. பிள்ளை அழுகிறான், பால் கொடுத்துவிட்டு வந்து சம்பளப் பதிவேட்டைப் போட்டோ எடுத்துப் போடுகிறேன். என் பேர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று நீங்களே எண்ணுங்கள்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
போடுங்கள். ஒன்பதுக்கு மேல் எண்ணமாட்டேன்.