வலுவிழந்த முதிர்மரங்களுக்கு வடமும் முட்டும்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

மரமேறிப் பராமரிப்புப் பணி செய்யும் உறுப்பினர்

கவை, அதாவது தண்டு இரண்டாகப் பிரியும் இடம், பிளக்கத் தொடங்கிய முதிர்ந்த மரத்தை வெட்டிவிடுவதா, வடம் கட்டிக் காப்பதா என்று கேட்பவர்களிடம், அது முறிந்தால் எதன்மீது விழும் என்பதைத்தான் நான் முதலில் விசாரிக்கிறேன். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நிற்கும் மரத்துக்குப் பெரும்பாலும் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. ஒரு பெருங்கிளை போனாலும் அது தன் போக்கில் வாழ்ந்துகொள்ளும். கீழே கூரையோ நடைபாதையோ இருந்து, அதை இடம் மாற்றவும் வழியில்லை என்றால்தான் தாங்கல் அமைப்பதைப் பற்றிப் பேசுவதில் பொருளுண்டு. மரத்தடியில் கிடந்த இருக்கையை அகற்றச் சொன்னதோடு வேலை முடிந்த இடங்களும் உண்டு.

அண்மையில் நாங்கள் தாங்கல் அமைத்த ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஏறத்தாழ ஒரே பருமனுள்ள இரண்டு தண்டுகள், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பிரிந்து, ஒன்றையொன்று நெருக்கியபடி உயர்ந்திருந்தன. இப்படிக் குறுகிய கோணத்தில் பிரியும் தண்டுகளுக்கு நடுவே பட்டை உள்ளே மடிந்து சிக்கிக்கொள்வதால், வெளிப்பார்வைக்கு அவை ஒட்டியிருப்பதாகத் தோன்றினாலும் உள்ளே மரத்தோடு மரம் சேர்ந்திருப்பதில்லை. உறுதியான கவையில் இரு பட்டைகளும் சந்திக்கும் கோடு மேல்நோக்கிப் புடைத்து நிற்கும். பட்டை உள்மடிந்த கவையில் அதே கோடு உள்வாங்கிப் பள்ளமாக ஓடும், அதன் இருபுறமும் தண்டு பருத்துப் பிதுங்கியிருக்கும். இந்த மரத்திலோ பிதுக்கத்தைத் தாண்டிப் பிளவே தெரிந்தது. காற்றில் தண்டுகள் விலகும்போது, பிளவின் ஓரத்தில் புதிதாகக் கிழிந்த வெளிர்நிற மரத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

முதலில் கவாத்து செய்தோம். நுனிப்பாரத்தைக் குறைக்காமல் வடம் கட்டுவது, அந்தப் பாரம் முழுவதையும் சில போல்ட்டுகளின் மீது ஏற்றிவைப்பதற்குச் சமம். நீண்டு வெளியே ஓடிய கிளைகளை, தகுந்த பக்கக்கிளை இருக்கும் இடம் வரை மட்டுமே பின்வாங்கி வெட்டினோம். மரத்தின் தலைப்பகுதியான கொண்டையை ஒட்ட அறுத்துவிட்டால் போதாதா என்று மரத்துக்கு உரியவர் கேட்டார். அப்படி அறுத்த இடத்தில் நெருக்கமாகக் கிளம்பும் போத்துகளுக்கு (புதுக்கிளைகளுக்கு) ஆழமான பிடிப்பு இருப்பதில்லை. சில ஆண்டுகளில் பழைய பாரம் திரும்பி வரும், அறுபட்ட வாய்களின் வழியே உளுப்பும் இறங்கியிருக்கும்.

வடத்தைக் கவையிலிருந்து கொண்டையின் நுனி வரையுள்ள தொலைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் பொருத்த வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை வழக்கம். உயரே பொருத்தினால் தண்டுகளைப் பிரியவிடாமல் பிடிக்கச் சிறிய விசையே போதும். தாழ்வாகப் பொருத்தினால் காற்றின் நெம்புவிசை பன்மடங்காகி வடத்தின் மீது விழுவதோடு, வடத்துக்கு மேலுள்ள நீண்ட பகுதி கட்டுப்பாடின்றி ஆடி அந்த இடத்திலேயே முறியவும் கூடும். நாங்கள் தண்டுகளைக் குறுக்கே துளைத்து, வளைய போல்ட்டை மறுபுறம் வரை செலுத்தி, வாஷரும் நட்டும் இட்டு, இரு வளையங்களுக்கிடையே எஃகு வடத்தைப் பிணைத்தோம். வளையமும் வடமும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். கோணல் விழுந்தால் காற்று வீசும் ஒவ்வொரு முறையும் போல்ட் வளைந்து வளைந்து ஒருநாள் அற்றுவிடும். கையால் சுற்றி இழுக்கும் வின்ச்சினால் தண்டுகளைச் சிறிதளவே நெருக்கி வடத்தை மாட்டி, பின்பு வின்ச்சைத் தளர்த்தினோம். வடம் தொய்வின்றி நின்றால் அதுவே போதுமான இறுக்கம்.

அதன்பின், பிளந்த கவையின் ஊடாகவும் அதற்குச் சற்று மேலேயும் மரையிட்ட எஃகுக் கம்பிகளைச் செலுத்தி இருபுறமும் முடுக்கினோம். கம்பிகள் பிளவு மேலும் விரிவதைத் தடுக்கும். ஆனால் மேலே வடம் இல்லாமல் கம்பியை மட்டும் நம்பினால், முழு நெம்புவிசையும் அந்தத் துளைகளில் வந்து சேரும்.

உயிருள்ள மரத்தைத் துளைப்பது கொடுமை என்று கருதி, தண்டைச் சுற்றிச் சங்கிலியோ கம்பியோ கட்டிவிடுபவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் மரத்தின்மீது கொண்ட அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கியதுபோல, மரம் காயத்தை ஆற்றுவதில்லை. காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, உளுப்பை அதற்குள் அடைத்துவிட்டுப் புதிய மரத்திசுவை வெளியே வளர்க்கிறது. உறுதியான மரத்தில் சுத்தமாகப் போட்ட துளையை இவ்வாறு அடைத்துக்கொள்ள அதனால் முடியும். சுற்றிக் கட்டிய கம்பி, தண்டு பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கி, இலைகளிலிருந்து உணவு இறங்கும் பாதையை முழுவட்டமாக நெரிக்கும்போது மரத்துக்கு ஒதுங்க இடமே கிடையாது. ஏற்கெனவே உளுத்த பகுதியைத் துளைப்பதும் ஆபத்துதான். மரம் எழுப்பிய தடுப்பை நாமே உடைத்து உளுப்புக்கு வழிவிடுகிறோம். ஆகவே துளையிலிருந்து வெளிவரும் தூளை விரலில் எடுத்துப் பார்ப்பேன். வெளிர்நிறமாகவும் உறுதியான சுருளாகவும் வந்தால் தொடரலாம். கருத்து, ஈரமாக, பொடிப்பொடியாக வந்தால் நிறுத்திவிட்டு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

தோட்டத்தில் முதிர்மரம் உள்ள உறுப்பினர்

ஐயா எழுதியதைப் படித்ததும், வடம் கட்டியபின் வரும் ஆண்டுகளைப் பற்றி எழுதத் தோன்றியது. எங்கள் மரத்துக்கு இரு வகைத் தாங்கல்கள் உண்டு. முன்பே விரிசல் கண்ட கவைக்கு மேலே எஃகு வடம் இருக்கிறது. விரிசல் ஏதுமின்றி, நீண்டு கனத்த ஒரு கிளைக்குத் துளையிடாமல் பொருத்தப்பட்ட பாலிப்ரோப்பிலீன் இழைவடம் இருக்கிறது. இரண்டாவது வகை ஓரளவு நெகிழ்ந்து கொடுப்பதால் கிளை இயல்பாக ஆட முடிகிறது. அந்த ஆட்டம்தான், அழுத்தம் மிகும் இடங்களில் கூடுதல் மரத்திசுவை வளர்த்துக்கொள்ளுமாறு கிளையைத் தூண்டுகிறது என்றும், அசையவே விடாமல் பிணைத்தால் அது தன் வலுவைத் தானே கூட்டிக்கொள்ளும் வாய்ப்பை இழக்கும் என்றும் பணிசெய்தவர் எனக்கு விளக்கினார். பிளந்துவிட்ட கவைக்கு அந்த நெகிழ்வு உதவாது.

இழைவடம் வெயிலில் வலுவிழப்பதால், உற்பத்தியாளர் குறித்த காலம் முடிந்ததும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அணில்கள் கடித்த தடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறார்கள். கட்டு கிளையைச் சுற்றி இருப்பதால், கிளை பருக்கும்போது அது நெரிக்காதபடி இடம்விட்டுப் பொருத்த வேண்டும்.

ஆண்டுக்கொருமுறையும், பெருங்காற்றுக்குப் பிறகும் பணியாளர் ஏறிப் பார்க்கிறார். கீழிருந்தபடி தொலைநோக்கியால் நானும் பார்க்கிறேன்: வடம் தொய்ந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, வாஷரைச் சுற்றிப் பட்டை வெடித்திருக்கிறதா, கவையில் புதிய கசிவு உண்டா என்று. இலை உதிரும் மரமாக இருந்தால், இலையில்லாதபோது வடம் சற்றுத் தொய்ந்தும் இலை நிறைந்தபோது இறுகியும் இருக்கும். இதை அறியாமல் பதற்றப்படத் தேவையில்லை. எங்கள் மரம் இன்னும் உயர்ந்துகொண்டிருப்பதால், ஒரு காலத்தில் சரியான உயரத்தில் இருந்த வடம் இப்போது தாழ்ந்துவிட்டது. மேலே புதிய வடத்தைப் பொருத்தியபின் பழையதைக் கழற்றும் முடிவுக்கு வந்திருக்கிறோம். வரிசை மாறிவிட்டால் இடைப்பட்ட நேரத்தில் கவைக்குத் துணையே இருக்காது. இந்தச் செலவும் கவனமும் மரம் உள்ளவரை தொடரும் என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் வடம் கட்டாமல் இருப்பதே நேர்மை என்பது என் கருத்து.

பொதுப் பூங்காவில் மரங்களைக் கண்காணிக்கும் உறுப்பினர்

வடம் கட்ட மறுத்த ஒரு நிகழ்வையும் பதிவு செய்கிறேன். கவை பலவீனமான ஒரு மரத்துக்குத் தாங்கல் வேண்டும் என்று மக்கள் அன்போடு கேட்டார்கள். அதன் அடிமரத்தில் காளான் தட்டுகள் வரிசையாக முளைத்திருந்தன. சுத்தியலால் தட்டியபோது வெற்றொலி எழுந்தது. வேர்கள் கைக்கு உதிர்ந்தன. இரு தண்டுகளை ஒன்றோடொன்று பிணைப்பதால், இரண்டையும் தாங்கும் வேர் இற்றுப்போனதற்கு என்ன பயன்? அடியோடு சாயக்கூடிய மரத்தில் வடத்தைக் கட்டி, பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம்பிக்கையை மக்களுக்குத் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மரத்தை அகற்றினோம், வருத்தத்தோடுதான்.

தரையை ஒட்டிப் படுத்தாற்போல் நீளும் கிளைகளுக்கு, மேலிருந்து வடத்தால் தூக்குவதைவிடக் கீழிருந்து முட்டுக்கொடுப்பது பல நேரங்களில் பொருத்தமானது. இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டிலுள்ள மேஜர் ஓக் மரத்தின் பெருங்கிளைகள் முட்டுகளால் தாங்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் தென் கரோலினாவின் ஏஞ்சல் ஓக் மரத்தில் வடங்களும் முட்டுகளும் சேர்ந்தே இருக்கின்றன. ஆலமரம் விழுதிறக்கித் தன் கிளைகளுக்குத் தானே செய்துகொள்வதும் இதுவே. முட்டின் தலைப்பகுதி அகன்று, மெத்தை வைத்ததாக இருக்க வேண்டும். குறுகிய முனை கிளையின் பட்டையை நசுக்கிவிடும். முட்டின் அடியில் அகலமான தளம் இல்லாவிட்டால் மழைக்குப்பின் அது மண்ணில் புதைந்து, கிளை மீண்டும் தொங்கலாகிவிடும்.

இடிதாங்கி பொருத்திய மரமாக இருந்தால், எஃகு வடங்களை அந்த அமைப்போடு மின்தொடர்பில் இணைக்க வேண்டும். எங்கள் பூங்காவில் தாங்கல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் பதிவேடு வைத்து, பொருத்திய தேதி, உயரம், போல்ட்டின் பருமன், துளைத்தூளின் நிறம், கவையின் ஒளிப்படம் ஆகியவற்றைக் குறித்துவைக்கிறோம். ஒளிப்படத்தை ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நின்று, கவையருகே ஓர் அளவுகோலை வைத்து எடுப்பதால், பிளவு விரிகிறதா என்பதை யாருடைய நினைவையும் சாராமல் அடுத்து வரும் கண்காணிப்பாளரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.