பிள்ளைகள் முகாமில் நடக்கும் கார்ட்டூன் தொடர் செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?

குளக்கட்டு எழுதியது:
வணக்கம், கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். விடுமுறைக்கு முகாம் போகும் பிள்ளைகளை வைத்து ஒரு கார்ட்டூன் தொடர் செய்ய வேண்டும் என்று பல வருட ஆசை. ஜோ மரே உருவாக்கிய கேம்ப் லாஸ்லோவில் (கார்ட்டூன் நெட்வொர்க், 2005 முதல் 2008 வரை) குரங்கும் யானையும் காண்டாமிருகமும் ஒரே கொட்டிலில் படுத்து எழும்புவதைப் பார்த்ததில் இருந்து இந்த எண்ணம் விடவில்லை. தாய் தகப்பன் பக்கத்தில் இல்லை, இடம் ஒன்றுதான், தினமும் ஏதாவது ஒரு வேலை, அதிலேயே கதை வந்துவிடுகிறது. நாங்கள் மூன்று பேர், ஒரு லப்டொப். ஒவ்வொன்றும் 11 நிமிடமாக 10 பகுதி என்று திட்டம். ஏரி, பைன் மரம், மரவீடு என்று முதல் கதை எழுதியாகிவிட்டது. ‘கோடை முகாம்’ என்ற பெயரை அம்மாவிடம் சொன்னேன். “முகாம் எண்டு வைக்காதை தம்பி” என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெயரை மாற்றத்தான் வேண்டுமா?

பென்சில்தூள்:
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். செக்கனுக்கு 24 படம், ஒரு வரைதலை இரண்டு படத்துக்கு நிறுத்தினால் 12 வரைதல். 11 நிமிடம் என்றால் 660 செக்கன், 7,920 வரைதல், அதுவும் ஒரே ஒரு பாத்திரத்துக்கு. மூன்று பேரும் சேர்ந்து நாளுக்கு 60 வரைந்தால் 132 நாள். கை விட்டுவிடுவீர்கள், நான் விட்டிருக்கிறேன். 2 நிமிடத்தில் தொடங்குங்கள். முழு உடம்பையும் ஒவ்வொரு முறையும் வரையவும் வேண்டாம். பழைய கார்ட்டூனில் வரும் யோகி கரடிக்குக் கழுத்தில் காலரும் டையும் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தலையை மட்டும் தனியாக அசைத்தால் பொருத்து தெரியாமல் மறைக்கத்தான். உங்கள் பிள்ளைகள் சாரணர் என்றால் கழுத்தில் ஸ்காஃப் இருக்கும், வேலை பாதி முடிந்தது. குரலை முதலில் பதியுங்கள், பிறகு கதைப்பலகை (காட்சிகளை வரிசையாகச் சின்னப் படங்களாகக் கீறி வைப்பது), அதைக் குரலோடு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரைதல். மென்பொருளுக்குக் காசு தேவையில்லை, ஓப்பன்டூன்ஸ் 2016 இல் இருந்து இலவசம், கிரீட்டாவும் பிளெண்டரும் அப்படித்தான்.

முள்ளியவளை அக்கா:
அம்மா சொன்னது சரி தம்பி. 2009 இல் நான் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்த சனத்தின் முகாமுக்குள் இருந்த பிள்ளை. எங்களுக்கு முகாம் என்றால் தறப்பாள், தண்ணிக்கு வரிசை, முள்ளுக்கம்பி. வெளியே போக ஏலாது. இப்போது நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாது, ஆனால் அவர்களோடு இருந்து பார்க்கப்போகிற தாய்மாருக்குத் தெரியும். தலைப்பைக் கண்டவுடன் அவர்கள் மனம் வேறு எங்கேயோ போய்விடும், உங்கள் கதைக்குத் திரும்பி வராது. சாரணர் சொல்கிற மாதிரி பாசறை என்று வையுங்கள். அதுவும் சிலருக்கு வேறு நினைவைத் தரும், அதனால் முன்னால் இடத்தின் பெயர் ஒன்று சேர்த்தால் நல்லது.

அப்புறம் அந்தப் பைன் மரம் எதற்கு? ஓகஸ்ட் லீவில் இரணைமடுக் குளத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். தண்ணீர் வற்றிப் பின்வாங்கிய இடமெல்லாம் வெடித்த சேறு, அதில் கொக்கு, பின்னால் பாலையும் வீரையும் முதிரையும். இரவில் தீப்பாசறை போட்டிருக்கும்போது காட்டுக்குள் ஆனை கிளை முறிக்கிற சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லாம் ஒரேயடியாக சாரண ஆசிரியரின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை வரையுங்கள். மந்தியும் முள்ளம்பன்றியும் உடும்பும் இருக்கும்போது கேம்ப் லாஸ்லோவில் வருகிற பிளாட்டிப்பஸைத் தேடிப் போகாதீர்கள்.

மாரிக்காற்று:
குரல் விடயத்தில் ஒன்று. டப்பிங் கார்ட்டூன் தமிழ் வேண்டவே வேண்டாம், எங்கட பிள்ளைகள் “ஓமடாப்பா” என்று கதைக்கிறதைத் திரையில் இன்னும் கேட்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. விடியற்காலையில் ஃபேனை நிறுத்தி, சுவரோடு மெத்தைகளைச் சாய்த்து வைத்து, போனிலேயே பதியலாம். எழுதியதை வாசிக்கவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு “நீ என்ன சொல்லுவாய்?” என்று கேளுங்கள்.

குளக்கட்டு:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கனநேரம் பேசாமல் இருந்தார். பெயர் ‘குளத்தடிப் பாசறை’. ஏரிக் கதையை வைத்துவிட்டேன். புதிதாக 2 நிமிடக் கதை ஒன்று: சமையல் முறைக்காரப் பெடியன் காட்டுக்குள் பாலைப்பழம் தின்றுவிட்டு வருகிறான், பால் பிசுபிசுத்து உதடு இரண்டும் ஒட்டிவிட்டது, அடுப்பில் சோறு அடிப்பிடிப்பதை யாருக்கும் வாயால் சொல்ல ஏலாமல் கையைக் காலை ஆட்டிக் காட்டுகிறான்.

பென்சில்தூள்:
வாய் அசைவே வரையத் தேவையில்லை! இதையே முதலில் செய்யுங்கள். கதைப்பலகை முடிந்ததும் இங்கே போடுங்கள், நேரம் பிடித்துப் பார்த்துத் தருகிறேன்.