பிக்கார்டுக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

எலக்ட்ரிக் கிட்டார் கட்டும் வகுப்புக்கு ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்கள் பிடிபடாமல் நிற்கின்றன.

ஒன்று பிக்கார்டு. மீட்டும்போது கையில் பிடிக்கிற சின்ன வில்லையான பிக் உரசி உடலின் பாலிஷ் கீறிவிடாமல் இருக்க, கம்பிகளுக்கு அடியில் திருகாணி போட்டுப் பொருத்துகிற மெல்லிய பிளாஸ்டிக். இன்னொன்று, அது எதன்மேல் உட்காருகிறதோ அந்த மரம். நார் நேராக ஓடாமல் நெளிந்து ஓடுவதால், கிட்டாரைச் சாய்க்கச் சாய்க்க ஒளியும் நிழலும் இடம் மாறுகிற மேப்பிள். ஆங்கிலத்தில் ஃபிகர்டு வுட் என்பார்கள், பழைய வரைவில் அதை அப்படியே பெயர்த்து "உருவ மரம்" என்று இருக்கிறது. படித்தால் மரச்சிற்பம் என்றுதான் தோன்றும்.

யோசனை சொல்பவர்கள் இந்த வாக்கியத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்: "இப்படிப்பட்ட மேப்பிளின் மேல் மூன்றடுக்கு ______ வைத்தால், சாய்த்துச் சீவிய விளிம்பில் தெரியும் வெள்ளைக்கோடு கண்ணை அங்கேயே இழுத்துவிடும், ஒற்றையடுக்குக் கறுப்பு அடக்கமாக இருக்கும்."

தமிழாசிரியர்:

வணக்கம்.

கீறற்காப்பு. கீறலினின்று காப்பது, ஐந்தாம் வேற்றுமைத் தொகை, நீங்கல் பொருள். காப்பு என்ற தொழிற்பெயர் இங்கே ஆகுபெயராகிப் பொருளைக் குறிக்கும். கடல், கரை சேர்ந்து கடற்கரை ஆவதுபோல லகரம் றகரமாகும். "கீறல்காப்பு" என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பத்தர், கோடு, திவவு, போர்வை என்று யாழின் உறுப்புகளுக்கெல்லாம் நம்மிடம் பெயர் இருந்தது. பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும் இடத்தில், துளைகளின் வாய் தூர முடுக்கிய ஆணிகளுக்கு வளையில் வாழும் நண்டின் கண்ணை உவமையாக்குகிறது. பிக்கார்டின் விளிம்பில் வரிசையாக நிற்கும் திருகாணித் தலைகள் அப்படித்தானே இருக்கின்றன? அதனால் போர்வை என்றாலும் எனக்குச் சம்மதமே. இசைக்கருவியின் மேற்புறத்தை மூடுவதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

கிட்டார் கட்டுபவர்:

ஐயா, யாழின் போர்வை அதிர வேண்டிய தோல். பிக்கார்டுக்கு அதிர்கிற வேலையே கிடையாது. அதிர்ந்தால் கடகடவென்று சத்தம் வரும், கழற்றித் திருகாணியை இறுக்கவேண்டியதுதான். போர்வை என்றால் மாணவர்கள் கம்பளிப் போர்வையைத்தான் நினைப்பார்கள்.

"காப்பு" என்பதிலும் எனக்குக் குழப்பம் இருக்கிறது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டார் மாடலில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், குமிழ், சுவிட்ச் எல்லாம் பிக்கார்டிலேயே தொங்குகின்றன. முதலில் ஒற்றையடுக்கு, எட்டுத் திருகாணி. 1959-இல் மூன்றடுக்கு, பதினொரு திருகாணி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மரத்தின் அழகைக் காட்ட முடியாது, அடியில் குடைந்த பள்ளம்தான் தெரியும். அங்கே அது காப்பு மட்டுமா, தாங்கியும்தானே? லெஸ் பால் என்ற மாடலில் கதை வேறு. மேடிட்ட மேற்பலகையைத் தொடாமல் ஒரு கொக்கியின்மேல் தூக்கி நிற்கும். 1958 முதல் 1960 வரை வந்த, அலையோடும் மேப்பிள் வைத்த லெஸ் பால்களில் பலரும் அதைக் கழற்றியே வைத்துவிட்டார்கள்.

பட்டறையில் எல்லோரும் பிக்கார்டு என்றுதான் சொல்கிறோம். அப்படியே விடலாமே?

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

தம்பி சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். பட்டறையில் பிக்கார்டு என்று சொல்லட்டும். ஆனால் கையேட்டின் ஒவ்வொரு உறுப்பையும் ஆங்கில ஒலியிலேயே விட்டால், ஒன்றுக்கொன்று உள்ள உறவு வாசகருக்குத் தெரியாது. காப்பு என்று ஒரு சொல் இருந்தால், பார்த்தவுடன் எதற்காக வைக்கிறார்கள் என்று புரிகிறது.

தமிழில் காப்புப் பொருளுக்குப் பெயர் வைக்க இரண்டு வழி இருக்கிறது. காக்கப்படுவதை வைத்துச் சொல்லலாம்: தலைக்கவசம், முகக்கவசம். தடுக்கப்படுவதை வைத்தும் சொல்லலாம்: கொசுவலை. கீறற்காப்பு இரண்டாவது வகை. இலக்கணம் சரிதான், ஆனால் ஐயா, பற்பொடி என்று இன்று யார் எழுதுகிறார்கள்? பல்பொடிதான். "கீறற்" என்று பார்த்ததும் வாசகர் ஒரு நொடி தடுக்குவார். என் யோசனை காப்புத்தகடு. ஒற்று மிகுவதுகூட இயல்பாகவே நாக்கில் வருகிறது.

தமிழாசிரியர்:

தகடு என்றால் உலோகத்தை அடித்துத் தட்டியது. பிளாஸ்டிக்கைத் தகடு என்பது பொருந்தாது.

கவசம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காக: உடலை மறைக்கும் கவசத்துக்கு மெய்ம்மறை என்று பதிற்றுப்பத்தில் இருக்கிறது. அதன் வழியில் "மரமறை" என்று ஆக்கலாம். அல்லது பட்டடை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழ் மீட்டும் எட்டு வகைத் தொழில்களில் கடைசி அது. கொல்லர் சம்மட்டியால் அடிக்கும் அடைகல்லுக்கும் அதே பெயர். அடி தாங்குவது, யாழோடும் சேர்ந்தது. ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கும்போது அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. ஃபிளமெங்கோ கிட்டாரில் விரலால் தட்டுவதற்கென்றே மேற்பலகையில் மெல்லிய தட்டு ஒட்டுகிறார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

கிட்டார் கட்டுபவர்:

ஃபிளமெங்கோ தட்டுக்குப் பட்டடை அருமையாகப் பொருந்துகிறது ஐயா, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கார்டை யாரும் தட்டுவதில்லை. உரசுவதுதான் நடக்கிறது.

மரமறை வேண்டவே வேண்டாம். திருகாணியில் மரை இருக்கிறது. "மறையின் மரை கழன்றுவிட்டது" என்று வகுப்பில் எப்படிச் சொல்வேன்?

ஆனால் "மறை" என்றதும் ஒன்று எழுதத் தோன்றுகிறது. இந்த அத்தியாயத்தின் சிக்கலே அதுதான். நேர்நார் மரத்தில் பிக்கார்டு காக்கிறது, அவ்வளவுதான். நெளிந்த நார் மரத்தில் காப்பதும் மறைப்பதும் ஒரே காரியம். நடுவில் பிளந்து புத்தகம்போல விரித்து ஒட்டிய மேற்பலகையில் இரண்டு பாதியும் கண்ணாடிப் பிம்பமாக நிற்கும். பிக்கார்டு பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் மூடும், ஒப்பு அங்கேயே போய்விடும். ஆமை ஓட்டு நிறப் பிளாஸ்டிக்கை வைத்தால் அதன் திட்டுத்திட்டான நெளிவும் மரத்தின் நெளிவும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், இரண்டுமே தோற்றுவிடும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் வைக்கலாம் என்பார்கள். வைக்கலாம், மரம் தெரியும். ஆனால் அதில் விழும் கீறலும் தெரியும், அடியில் மாட்டிய தூசியும் தெரியும். அதே மரத்தில் பிக்கார்டு அறுத்து வைப்பதும் உண்டு. மெல்லிய மரம் திருகாணித் துளை ஓரத்தில் நாரோடு பிளக்கும், அதனால் பின்னால் குறுக்கு நாராக இன்னொரு படலம் ஒட்டியாக வேண்டும்.

இதையும் கையேட்டில் சேருங்கள்: ஒருமுறை திருகிவிட்டால் பின்னால் மனம் மாறினாலும் துளைகள் இருக்கும். பல வருடம் கழித்துக் கழற்றினால் மூடியிருந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருக்கும், வெளிச்சம் படாததால். மேப்பிள் கடினம், அளவான துளை போடாமல், திருகாணியில் மெழுகும் தடவாமல் முறுக்கினால் தலை முறிந்து தண்டு உள்ளேயே நிற்கும். அதனால் அழகான மரம் கையில் கிடைத்தால் முதல் கேள்வி "எந்த பிக்கார்டு" என்பதல்ல, "வேண்டுமா" என்பதுதான். மென்மையாக வாசிப்பவர், விரலால் வாசிப்பவர் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

அப்படியானால் காப்பு என்ற சொல்லையே தலைப்பில் வையுங்கள். எதைக் காக்க எதை மறைக்கிறோம் என்ற கேள்வி சொல்லிலேயே வந்துவிடுகிறது. தகடு உலோகம்தான் என்ற மறுப்புக்கு: பிளாஸ்டிக் தகடு என்று கடைகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள், வழக்கு தீர்த்துவிட்ட விஷயம் அது.

மரத்துக்கு வருவோம். மணிகளைப் பற்றிச் சொல்லும்போது உள்ளே ஒளி ஓடுவதை நீரோட்டம் என்பார்கள். வைடூரியத்தைத் திருப்பினால் ஒரு கோடு ஓடுகிறதே, இந்த மேப்பிளிலும் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். "நீரோட்டமுள்ள மரம்" எப்படி?

தமிழாசிரியர்:

நீரோட்டம் மிக அழகு. முழு மனத்தோடு வழிமொழிகிறேன். அதோடு ஒன்று: நெருங்கிய பட்டைகளாக வரும் மேப்பிளைப் புலியோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்களாமே. நமக்கு வேங்கை என்றால் மரமும் புலியும். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறையைப் புலி என்று மருளும் காட்சி சங்கப் பாடல்களில் உண்டு. கொடுவரி என்றாலே புலிதான். வரி என்பது மரத்துக்கும் விலங்குக்கும் பொதுவாக நம்மிடம் இருக்கும்போது, "வேங்கைவரி" என்று சொல்லிப் பாருங்கள்.

கிட்டார் கட்டுபவர்:

வேங்கை மரத்தை அறுத்துக் கொண்டுவந்து நிற்பார்கள் ஐயா! கையேட்டில் மர வகைப் பட்டியலும் இருக்கிறது. நீரோட்டம் என்றால் கிணறு வெட்டப் பார்ப்பதாக நினைப்பார்கள், அல்லது மரத்தில் ஈரம் இருப்பதாக. ஈரமான மரத்தில் கிட்டார் கட்டக் கூடாது என்று இரண்டாம் அத்தியாயம் முழுக்கச் சொல்லியிருக்கிறோம்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும், அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்.

முதல் இடத்தில் "பிக்கார்டு எனப்படும் காப்புத்தகடு", பிறகு காப்புத்தகடு மட்டும். டெலிகாஸ்டர் என்ற மாடலில் குமிழ்கள் இருக்கும் உலோகத் தகடு தனியாக வருவதால் அதைக் குமிழ்த்தகடு என்கிறேன். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பான்மை இதற்குத்தான். மரத்துக்கு நெளிநார் மரம். வினைத்தொகை, நெளிந்த, நெளிகிற, நெளியும் எல்லாம் அடங்கும். பட்டைபட்டையாக வருவது புலிவரி, மெத்தைபோல உப்பித் தெரிவது மெத்தைவரி.

தமிழாசிரியர்:

நெளிநார் நல்ல ஆக்கம். காப்புத்தகட்டுக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். என் வகுப்பில் கீறற்காப்பு என்றே சொல்வேன். மாணவர்களுக்குப் புணர்ச்சி விதி சொல்லித்தரவும் அது உதவும்.

கிட்டார் கட்டுபவர்:

சரி, காப்புத்தகடு இருக்கட்டும். ஆனால் நெளிநாரில் ஒரு ஓட்டை. பறவைக்கண் மேப்பிளில் நார் அலையாக நெளிவதில்லை, அங்கங்கே சின்னச் சுழியாகச் சுற்றி நிற்கிறது. அதையும் நெளிநார் என்பீர்களா? அந்த அத்தியாயத்தின் முதல் படமே பறவைக்கண் மேப்பிள்தான்.