அனுப்பியது போய்ச் சேர்ந்தது, ஆனால் திறக்கவில்லை: உங்கள் அனுபவங்கள்

ஆல்பக்காரன்
2007. கல்யாண ஆல்பம், 212 படங்கள். அச்சகத்தின் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் பழைய முறை) சர்வருக்கு விடிய விடிய ஏற்றினேன். ஒரு பிழைச் செய்தியும் இல்லை. அந்தத் தெம்பில் கணினியில் இருந்ததை அழித்தேன். கேமரா கார்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விட்டது. பதினோரு மணிக்கு அச்சகத்துப் பெரியவர் போன் செய்தார்: "தம்பி, மணப்பெண்ணின் முகம் பச்சையாக இருக்கிறதே, அப்படியே அச்சடித்துவிடலாமா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். உச்சியில் ஒரு விரற்கடை அளவுக்கு மண்டபத்துப் பூத்தோரணம் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் கட்டம் கட்டமாக நகர்ந்து, மாப்பிள்ளையின் தோள் நாதஸ்வரக்காரரின் மேல் ஏறியிருந்தது. ஒவ்வொரு கோப்பிலும் நாற்பது ஐம்பது பைட் குறைவு. கோப்பை வெறும் எழுத்தாகக் கருதும் ஆஸ்கி முறையில் கிடந்ததை, உள்ளபடியே அனுப்பும் பைனரிக்கு மாற்றாமல் அனுப்பியிருக்கிறேன். 13, 10 என்ற பைட் ஜோடி வந்த இடத்திலெல்லாம் அதை வரி முடிவென்று நினைத்து 13ஐ எடுத்துவிட்டது. மீதியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வலைக்கம்பி
மீட்டிருக்கலாமே? 10 என்ற பைட் வரும் இடமெல்லாம் அதற்கு முன்னால் 13ஐச் சேர்த்தால் முடிந்தது.

என் கதை சிறியது. வாடிக்கையாளர் அலுவலகத்தில் கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, கோப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை. மூன்று மணி நேரம் கடவுச்சொல்லையே சந்தேகப்பட்டேன். 21ஆம் போர்ட்டில் (சர்வரின் இணைப்பு வாசல்) நாம் பேச, தரவுக்காக சர்வர் தானே திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது, ரௌட்டர் திறக்கவில்லை. தரவு இணைப்பையும் நாமே தொடங்கும் பேசிவ் முறைக்கு மாற்றியதும் ஒரே நொடி. அதுவரை என் பின்னால் நின்றிருந்த மேலாளர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போனார்.

இரவுப்பணி
வலைக்கம்பி, கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 லட்சம் பைட் உள்ள படத்தில் 10 என்பது ஏறக்குறைய 11,700 இடங்களில் வரும். அவற்றில் 13ஐ இழந்தவை 45 இருக்கலாம். எந்த 45? கடவுளுக்கே வெளிச்சம். பிஎன்ஜி என்ற பட வடிவத்தை உருவாக்கியவர்கள் இந்த விபத்தைக் கண்டுபிடிக்கவே கோப்பின் முதல் எட்டு பைட்டுக்குள் 13, 10 இரண்டையும் வைத்தார்கள்.

எஃப்டிபியைத் திட்டுவதிலும் நியாயமில்லை. 1971இல் அபய் பூஷண் அதன் முதல் வடிவத்தை எழுதியபோது ஒவ்வொரு கணினியும் எழுத்தை ஒவ்வொரு விதமாக வைத்திருந்தது. ஒரே தடவையில் 36 பிட்டைக் கையாளும் இயந்திரங்கள்கூட இருந்தன. அந்த எழுத்து மாற்றம் அன்றைக்குத் தேவை. இன்றைக்கு எஃப்டிபியைத் தொடுவதுதான் தவறு: கடவுச்சொல் மறைப்பே இல்லாமல் கம்பியில் போகிறது. எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள். அனுப்பியதும் இரு பக்கமும் கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பெரிய தொகுப்பென்றால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல்: மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், பாதியில் அறுந்தாலும் மறுபடி ஓட்டலாம். இரு பக்கமும் ஒன்றாக இருக்க, மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் 'டிலீட்' விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுவரை ஒன்றும் நேர்ந்ததில்லை.

பழைய கேசட்
அந்த டிலீட்டை இவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள் ஐயா. மாமாவின் நாகஸ்வரக் கேசட்டுகளை எல்லாம் கணினிக்கு மாற்றி, வீட்டிலுள்ள இன்னொரு கணினிக்கு இரவுதோறும் ஆர்சிங்க் செய்துவந்தேன். ஒருநாள் வெளி வட்டு இணைப்பில் இல்லை; அதன் பெயரில் வெறும் கோப்புறைதான் இருந்தது. மூலம் காலி என்றால் நகலும் காலியாக வேண்டும் அல்லவா? 'டிலீட்டிங்' என்று வரிவரியாக ஓடியது. தோடி, கல்யாணி, மல்லாரி. நான் நின்று படித்துக்கொண்டிருந்தேன். கம்பியைப் பிடுங்கத் தோன்றவே இல்லை.

வெளி வட்டு பிழைத்திருந்தது என்பது வேறு விஷயம். அந்த நிமிடத்தில் எனக்கு அது தெரியாது.

ஆல்பக்காரன்
வலைக்கம்பி சொன்னதை அன்றே செய்து பார்த்தேன். முகம் ஊதாவாக மாறியது.

எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றே ஒன்று முழுதாகத் திறந்தது. 20 கேபிதான், அதற்குள் 13ம் 10ம் பக்கத்தில் பக்கத்தில் வரவில்லை போலும். எங்கள் ஸ்டூடியோவின் முத்திரை.