நீர்புகா + ஆடை: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

மண்டபம் டீச்சர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான மலைநடைக் கையேட்டில் உடுப்புப் பகுதி என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மழையிலும் காற்றிலும் நடக்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே போடுகிற மெல்லிய சட்டை ஒன்று உண்டு. வெளித்தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே கிளம்பும் வியர்வை ஆவியை வெளியே விட்டுவிடும். கடைகளில் 'ஷெல் ஜாக்கெட்' என்கிறார்கள். தமிழில் என்ன போடுவது?

ஜாக்கெட் வேண்டாம். நம் பக்கம் ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான். 'மழைக்கோட்டு' என்றால் கடைத்தெருவில் தொங்குகிற பி.வி.சி. கோட்டை வாங்கி வந்துவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு சுமையோடு அரை மணி ஏறினால் உள்சட்டையைப் பிழியலாம். மேலே போய்க் காற்றில் நின்றால் அந்த ஈரமே உடம்பை நடுக்கிவிடும். சொல்லைப் படித்ததுமே இது வேறு சாமான் என்று தெரிய வேண்டும்.

கூடவே இன்னும் இரண்டு: வெளித்துணி தண்ணீர் குடித்து ஊறிப்போகும் நிலைக்கு ஒரு சொல், தையலின் உட்புறம் ஒட்டுகிற பட்டைக்கு ஒரு சொல்.

பரமக்குடி புலவர் எழுதியது:

டீச்சர் அவர்களுக்கு, புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம். முல்லைப்பாட்டில் பாசறைக் காவலில் நிற்கும் யவனர் அணிந்த சட்டைக்கு 'மெய்ப்பை' என்றே பெயர். மெய்யை உள்ளே வைத்த பை. பாட்டும் கார்காலத்துப் பாட்டு. இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்?

'நீர்புகா' என்று தொடங்கும் எதற்கும் நான் உடன்பட மாட்டேன். பழந்தமிழில் 'புகா' என்றால் உணவு. அது கிடக்கட்டும், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்றே கொள்வோம். 'ஆடை' சேர்ந்தால் நன்னூல்படி வகர உடம்படுமெய் வந்து 'நீர்புகாவாடை' ஆகும். படிக்கிறவன் 'நீர் புகா வாடை' என்று பிரிப்பான். இராமநாதபுரத்துக் கடற்கரையில் ஐப்பசியிலிருந்து அடிக்கிற வாடைக்காற்று நீரோடுதான் வரும். பொருளே தலைகீழாகிவிடும்.

தங்கச்சிமடம் பயிற்றுநர் எழுதியது:

புலவர் ஐயா, மெய்ப்பை அழகான சொல். ஆனால் இதே கையேட்டில் மீட்புப் பகுதியும் இருக்கிறது. இறந்தவர் உடலை வைத்து இறக்கும் பைக்கு அங்கே 'உடற்பை' என்று முன்பே போட்டாயிற்று. காற்றிரைச்சலில் வாக்கிடாக்கியில் 'இரண்டு மெய்ப்பை கொண்டு வா' என்றால் என்ன விளங்கும் என்று நினைத்துப் பாருங்கள். குழப்பம் வரக்கூடாத இடம் அது.

சொல் தேடுவதற்கு முன் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. அதன் உட்புறத்தில் மெல்லிய சவ்வு. கோர்டெக்ஸ் என்ற வணிகப்பெயரில் வருகிற வகையில் அது விரித்து இழுத்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்), 1969-இல் கண்டறிந்தது. அண்மைக் காலத்தில் பாலி எத்திலீன் சவ்வும் வந்திருக்கிறது. விலை குறைந்த சட்டைகளில் பாலியூரித்தேன் பூச்சு. சவ்வுக்கும் உள்ளே ஒரு மெல்லிய துணியைச் சேர்த்து ஒட்டிவிட்டால் மூவடுக்கு. உள்துணி இல்லாமல் சவ்வின்மேல் புள்ளியோ கோடோ அச்சிட்டுக் காத்தால் இரண்டரை அடுக்கு. இரண்டரை அடுக்கு 200 முதல் 350 கிராம் வரை இருக்கும், மடித்துப் பைக்குள் கிடக்க நல்லது. நாள் முழுக்கச் சுமைப்பை தோளில் உரசுகிற நடைக்கு 400 கிராமுக்கு மேலே வருகிற மூவடுக்குத்தான் தாங்கும். முதலில் தேய்வது தோளும் இடுப்புப் பட்டை உட்காரும் இடமும்.

அட்டையில் இரண்டு எண் இருக்கும். 20,000 மி.மீ. என்பது போல இருப்பது நீர்த்தம்பம், அதாவது துணி தாங்குகிற தண்ணீர்த் தூணின் உயரம்: துணியைப் பிடியில் இறுக்கி நீரழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், மூன்று இடத்தில் துளி கசியும்போது அளப்பது. 10,000-க்குக் கீழே இருந்தால் சுமைப்பைப் பட்டை அழுத்துகிற நாள்முழு மழைக்கு நம்ப வேண்டாம். இன்னொன்று ஒரு சதுர மீட்டரில் 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி வெளியேறுகிறது என்பது. இதை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

எனவே சொல்லில் 'ஆவி' வர வேண்டும் என்பது என் கட்சி. 'ஆவிவிடு சட்டை'.

பாம்பன் கடைக்காரர் எழுதியது:

ஆவிவிடு சட்டைன்னு கடைக்கு வந்து கேட்டா, உயிரை விடுற சட்டையான்னு கேப்பாங்க தம்பி. ஆளுங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: 'புழுங்குமா, புழுங்காதா?' கையேட்டுல மூச்சுவிடும் துணின்னு எழுதாதீங்க டீச்சர், துணிக்கு ஏது மூச்சு. புழுங்காச் சட்டைன்னு போட்டா கரையில எல்லாருக்கும் விளங்கும்.

தங்கச்சிமடம் பயிற்றுநர் எழுதியது:

அண்ணே, நம்ம கரையில் எந்தச் சட்டையும் புழுங்கத்தான் செய்யும். இதை மாணவர்களுக்குக் கணக்காகவே சொல்ல வேண்டும். உடம்பின்மேல் 34 பாகை வெப்பத்தில் நிறைந்த ஈரக்காற்றின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 5.3 கிலோபாஸ்கல். 3,000 மீட்டருக்கு மேலே, மழையில் 5 பாகை குளிரில், வெளியே அது 0.8-தான். வேறுபாடு 4.5. அந்தத் தள்ளலில்தான் சவ்வு வழியே ஆவி போகிறது. கார்த்திகை மழையில் தனுஷ்கோடிச் சாலையில் 26 பாகை வெப்பம், 95 விழுக்காடு ஈரப்பதம் என்றால் வெளியே 3.2. வேறுபாடு 2.1-ஆகச் சுருங்கிவிடும். பாதிக்கும் குறைவு. சவ்வு கெட்டுப்போகவில்லை, தள்ளுவதற்கு ஆள் இல்லை. பயிற்சி நடையாக அதே சாலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் போகும்போது ஒதுங்க மரமோ பாறையோ கிடையாது. அங்கே காப்பாற்றுவது அக்குளில் 25, 30 செ.மீ. நீளத்துக்குத் திறக்கிற ஜிப்தான். எண்ணைப் பார்த்து வாங்காமல் அக்குள் ஜிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

'புழுங்கா' என்று வாக்குக் கொடுத்துவிட்டு இங்கே புழுங்கினால் கையேட்டின்மேலேயே நம்பிக்கை போய்விடும்.

கீழக்கரையிலிருந்து காக்கா எழுதியது:

டீச்சர், சட்டைக்கு வராமல் தையலுக்கு வருகிறேன். அதற்கு நம்மிடம் ஊர்ச்சொல்லே இருக்கிறது: கலப்பத்து. மரக்கலத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் பஞ்சுத் திரியை உளியால் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. தண்ணீர் நுழைகிற இடம் சந்துதான், பலகை இல்லை. சட்டையிலும் அப்படித்தான்: துணி எத்தனை ஆயிரம் மி.மீ. தாங்கினாலும் ஊசித்துளை வழியே கசியும். அதன்மேல் ஒட்டுகிற பட்டைக்குக் கலப்பத்து என்றே வையுங்கள். அரபியில் கல்ஃபத் என்று உண்டு, போர்த்துக்கீசியத்திலும் இதே ஒலியில் சொல் உண்டு. கடல் வழியே வந்து நம் கரையில் ஊறிப்போன சொல்.

பரமக்குடி புலவர் எழுதியது:

காக்கா அவர்களே, கலம் + பற்று = கலப்பற்று. கலத்தில் பற்றவைப்பது. அதுவே பேச்சில் கலப்பத்து ஆயிற்று, பற்று பத்து ஆவது போல, சுற்று சுத்து ஆவது போல. இங்கிருந்து அங்கே போயிருக்கக்கூடாதா? கரையில் கலம் கட்டியவன் தமிழன்தானே.

கீழக்கரையிலிருந்து காக்கா எழுதியது:

கலம் கட்டியவனும் தமிழன், அதில் ஏறி வந்தவனிடம் பேசியவனும் தமிழன். அரபியில் அந்தச் சொல் வினையாகவும் பெயராகவும் கிளைத்து நிற்கிறது. இங்கே இந்த ஒரு தொழிலில் மட்டும் வருகிறது. அதைப் பார்த்தே சொல்கிறேன். எப்படி வந்தாலும் நம் சொல்தான்.

(இதன்பின் 'சட்டை' பாம்பு உரித்த சட்டையிலிருந்து வந்ததா, 'சட்டம்' என்பதோடு உறவா, பாம்பன் என்ற ஊர்ப்பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பதினொரு மடல்கள் போயின. அவை தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. - மட்டுறுத்துநர்)

தங்கச்சிமடம் பயிற்றுநர் எழுதியது:

கலப்பத்தில் ஒரு சிக்கல். அது சந்தை அடைப்பது. சட்டையில் சந்து இல்லை, துளைகள்தான். பட்டையைச் சூடான காற்றால் இளக்கி, உருளையால் அழுத்தி ஒட்டுகிறார்கள். அகலம் பெரும்பாலும் 13 முதல் 22 மி.மீ. வரை. கெடும்போதும் வேறு மாதிரிக் கெடும்: திரி அழுகாது, ஓரம் உரியும். மாணவன் சட்டையைப் புரட்டிப்போட்டு, தலைமூடி கழுத்தோடு சேருமிடத்திலும் அக்குள் தையல்கள் நான்கும் கூடுமிடத்திலும் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். எல்லாத் தையலிலும் பட்டை இருக்கிறதா, தோளிலும் தலையிலும் மட்டுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எனக்குத் 'தையல்பட்டி' போதும்.

பாம்பன் கடைக்காரர் எழுதியது:

ஊறிப்போறதுக்குச் சொல் கேட்டீங்களே டீச்சர், யாரும் பதில் போடலை. ஓதம். சுவர்ல ஓதம் ஏறுதுன்னு சொல்றோமே, அதேதான். வெளித்துணி ஓதமேறிடுச்சுன்னா சட்டை ஒழுகுற மாதிரியே இருக்கும். ஒழுகாது. உள்ளே வேர்வை போக வழியில்லாம அங்கேயே தண்ணியாகி நிக்கும். அதைப் பார்த்துட்டுச் சட்டை போச்சுன்னு தூக்கிப் போடுறாங்க. தோள்பட்டையில ஒரு கரண்டி தண்ணி ஊத்துங்க. முத்து முத்தா உருண்டு ஓடினா சரி. பரவி, துணி கறுத்துப்போனா ஓதம்.

நம்ம ஊர்ல எங்கே முதல்ல ஏறும் தெரியுமா? தலைமூடி விளிம்பும் கழுத்துப்பட்டியும். தேங்காயெண்ணெய். தண்ணி உருண்டு ஓட வெளித்துணிமேல தடவுற பூச்சுல இப்பல்லாம் பெரும்பாலும் ஃபுளோரின் சரக்கு இல்லை, தண்ணியை உருட்டும், எண்ணெய்க்கு நிக்காது. அடிக்கடி துவைக்கணும். ஜிப்பையெல்லாம் இழுத்து மூடி, திரவச் சோப்புல, 30 பாகைத் தண்ணில. துணி மென்மைக்குப் போடுற திரவம் ஆகவே ஆகாது. ரெண்டு தரம் அலசணும். காய்ஞ்சபிறகு மேல ஒரு துணியைப் போட்டு, ஆவி விடாத இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டுல ஓட்டினா பூச்சு திரும்ப எழும்பும். எழும்பலைன்னா தெளிப்பான் வாங்கி அடிங்க.

கடலோரம் போய் வந்தா அன்னைக்கே நல்ல தண்ணில அலசணும். உப்பு காய்ஞ்சு ஜிப்போட உலோக இழுப்பானைப் பிடிச்சுக்கும். மோட்டார் பைக் பெட்டியில மடிச்சு வைக்கவே கூடாது. அந்தச் சூட்டுலயும் ஈரத்துலயும் பாலியூரித்தேன் பிசுபிசுத்து உரிஞ்சு வந்துடும்.

பரமக்குடி புலவர் எழுதியது:

ஓதம்! ஈரத்துக்கும் ஓதம், கடல் பெருக்குக்கும் ஓதம். 'ஓதமேறல்' என்று தொழிற்பெயராக்குங்கள். இதற்கு என் முழுச் சம்மதம். கடைக்காரத் தம்பிக்கு நன்றி.

மண்டபம் டீச்சர் எழுதியது:

ஓதமேறலை எடுத்துக்கொண்டேன். இனிச் சட்டை. 'ஷெல்' என்பதை ஓடு, சிப்பி என்று பெயர்க்க இருவர் தனிமடலில் சொன்னார்கள். சங்கு குளித்த கரையில் 'சிப்பிச்சட்டை' என்றால் சிப்பி பதித்த சட்டை என்றுதான் ஆகும். வேண்டாம்.

என் முடிவு 'நீர்புகா மேற்சட்டை'. ஆடை இல்லாததால் புலவர் ஐயா காட்டிய 'வாடை' வராது. மகரம் வருவதால் 'நீர்புகாச் சட்டை' போல ஒற்றும் மிகாது. மாணவர் பிழையாக எழுத இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே போடுவது என்பதும் வந்துவிடுகிறது. ஆவி விடுகிற பண்பு சொல்லில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதை முதல் வரியிலேயே விளக்கமாகத் தருகிறேன்: 'மழைக்கோட்டு தண்ணீரை மட்டும் தடுக்கும், நீர்புகா மேற்சட்டை தண்ணீரைத் தடுத்து வியர்வை ஆவியை விடும்.'

தங்கச்சிமடம் பயிற்றுநர் எழுதியது:

சரி. போட்டுப் பார்க்கும் முறையையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள் டீச்சர். உள்ளே கம்பளிச் சட்டையோடு போட வேண்டும். இரண்டு கையையும் மேலே தூக்கினால் கீழ்விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறக்கூடாது. தலைமூடியைப் போட்டு நாடாவை இறுக்கித் தலையைத் திருப்பினால் மூடியும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஒரு கண் துணிக்குள் போய்விடும், பக்கக்காற்றில் நடக்க முடியாது. நெற்றி விளிம்பு விறைப்பாக இருக்க வேண்டும். சட்டைப்பை இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்க வேண்டும். போஞ்சோ (தலைவழியே மாட்டுகிற, போர்வை போன்ற மழையங்கி) வேண்டாம் என்றும் ஒரு வரி. வாடைக்காற்றில் அது தலைக்கு மேல் ஏறிவிடும்.

கீழக்கரையிலிருந்து காக்கா எழுதியது:

மேற்சட்டைக்குச் சம்மதம். தையல்பட்டிக்கு இல்லை. பட்டி என்றால் நம் பையன்களுக்குக் கழுத்துப்பட்டி, கைப்பட்டி. அலங்காரமாகத் தைத்தது என்று நினைத்து உரிகிற ஓரத்தைக் கத்தரித்துவிடுவான். கலப்பத்து என்றால் அதைத் தொட்டால் தண்ணீர் வரும் என்று படகுக்காரன் மகனுக்குத் தெரியும்.

பரமக்குடி புலவர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சொல்லடைவில் 'மெய்ப்பை: காண்க, நீர்புகா மேற்சட்டை' என்று ஒரு வரி கேட்கிறேன். 'உடற்பை'யை மாற்றிக்கொள்ளலாம், அது நேற்று வந்த சொல். மெய்ப்பையை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

மண்டபம் டீச்சர் எழுதியது:

ஐயா, சொல்லடைவில் சேர்க்கிறேன். காக்கா, கையேட்டின் பாடப்பகுதியில் 'தையல்பட்டி', படக்குறிப்பில் 'கலப்பத்து' என்று இரண்டும் போகிறது; அடுத்த பதிப்பில் மாணவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்து ஒன்றை வைப்போம். அக்குள் ஜிப்புக்கு யாரும் சொல் தரவில்லை. 'அக்குள் ஜிப்' என்றே அச்சுக்குப் போகிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் வந்தால் மாற்ற முடியும்.